தந்தை வழியும் ஒரு வழியே
ஆடவரும் மரபுவழிப் புற்றுநோய்ச் சோதனையும்



"உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் புற்றுநோய் இருந்ததுண்டா?" என்று மருத்துவர் வினவும்போது, பெண்மக்கள் பெரும்பாலும் தம் தாயை எண்ணுவர், தாயைப் பெற்ற பாட்டியை எண்ணுவர், பெரியம்மா, சித்தி ஆகியோரை எண்ணுவர். தந்தையைப் பெற்ற பாட்டியையும் அத்தைமாரையும் நினைவிற் கொண்டு சொல்பவர் சிலரே. ஆடவரோ, மார்பகப் புற்றுநோய் என்ற பேச்சு எழுந்தாலே, "அது பெண்களுக்கு வருவது, நமக்கென்ன?" என்று ஒதுங்கி நிற்பர். இவ்வெண்ணம் பிழையானது. இப்பிழையினால் ஆடவர் உயிருக்கும், அவர் பெற்ற பெண்மக்கள் உயிருக்கும் இடர் நேரக்கூடும். அஃது எவ்வாறு என்பதையும், அதனைத் தவிர்க்கும் வழி எது என்பதையும் இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. 2019 அக்டோபர் மாதத்தில் அமெரிக்க நாட்டினரான மாத்யூ நோல்ஸ் என்பவர், தமக்கு மார்பகப் புற்றுநோய் கண்டிருந்ததைத் தொலைக்காட்சி நேர்காணலில் வெளியிட்டார். இவர் பியான்சே, சொலாஞ்ச் என்னும் புகழ்பெற்ற பாடகியரின் தந்தை. சட்டையில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட சிறு இரத்தப் புள்ளிகளே அவருக்கு முதல் அறிகுறி. மருத்துவரை நாடினார், நோய் உறுதிப்பட்டது, அறுவை மருத்துவம் செய்துகொண்டார். சோதனையில், பி.ஆர்.சி.ஏ.–2 என்னும் மரபணுவில் அவருக்குப் பிறவியிலேயே ஒரு மாற்றம் இருப்பதும் தெரியவந்தது. தம் மக்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை உணர்ந்து அவர்களுக்கு அறிவித்தார். ஆடவர் ஒருவர் நாணாமல் உண்மையை உரைத்ததால் ஒரு குடும்பமே விழிப்புற்றது. இதுவே நாம் கற்க வேண்டிய பாடத்தின் சுருக்கம். இனி விரிவைக் காண்போம்.

1. மரபணு என்பது யாது?

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. ஏறக்குறைய எல்லா உயிரணுக்களின் உட்கருவிலும் 23 இணைக் குரோமோசோம்கள் அமைந்துள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. இவற்றில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் அடங்கியுள்ளன. ஒவ்வொரு மரபணுவும் உடல் இயங்குவதற்கான ஒரு கட்டளையைத் தாங்கிய ஏடு எனலாம்.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இவ்வேடுகள் முழுவதும் படியெடுக்கப்படுகின்றன. நம் முன்னோர் பழைய ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிப் போற்றியதை நாம் அறிவோம். எத்துணை கவனமாக எழுதினும் எழுத்துப் பிழை நேர்வது இயல்பு. ஆதலின் எழுதியதை ஒப்புநோக்கித் திருத்துவோர் தேவைப்பட்டனர். உயிரணுவினுள்ளும் அத்தகைய திருத்துவோர் உண்டு. டி.என்.ஏ. இழை அறுந்துபோனால் அதனைப் பிழையின்றி இணைப்பதற்கு உதவும் மரபணுக்களே பி.ஆர்.சி.ஏ.–1, பி.ஆர்.சி.ஏ.–2 என்பன. முன்னது 17-ஆம் குரோமோசோமிலும் பின்னது 13-ஆம் குரோமோசோமிலும் உள்ளன.

ஒவ்வொருவருக்கும் இவற்றில் இரண்டிரண்டு படிகள் உண்டு. தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. ஒரு படி பிறவியிலேயே பழுதுற்றிருந்தாலும் மற்றொன்று பணியாற்றும். ஆதலால் அவர் நலமாகவே பிறந்து வளர்வார். ஆயினும் வாழ்நாளில் என்றேனும் ஓர் உயிரணுவில் அந்த இரண்டாம் படியும் கெடுமாயின், அவ்வுயிரணுவில் பிழைகள் திருத்தப்படாமல் பெருகும். அவ்வாறு பெருகிய பிழைகளின் விளைவாகப் புற்றுநோய் தோன்றக்கூடும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். புற்றுநோயாளர் அனைவருக்கும் இவ்வாறு மரபுவழியில் நோய் வருவதில்லை. நூற்றில் ஐந்து முதல் பத்து வரையிலான நோய்களே மரபணு மாற்றம் வழிவழி வந்ததால் ஏற்படுபவை. ஏனையவை முதுமை, புகையிலை முதலிய பிற காரணங்களால் வருபவை. ஆதலின் இல்லத்தில் ஒருவருக்கு நோய் வந்த அளவிலேயே அனைவரும் அஞ்ச வேண்டுவதில்லை.

2. பெயரால் விளைந்த மயக்கம்

1990-ஆம் ஆண்டில் மேரி–கிளேர் கிங் என்னும் அமெரிக்க அறிவியலாளர், இளவயதில் மார்பகப் புற்றுநோய் காணும் குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். 1994-இல் பி.ஆர்.சி.ஏ.–1 மரபணுவும், 1995-இல் பி.ஆர்.சி.ஏ.–2 மரபணுவும் தனித்துக் கண்டறியப்பட்டன. ஆங்கிலத்தில் மார்பகம், புற்றுநோய் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு இப்பெயர் அமைந்தது. பெயரே மயக்கத்துக்கு வித்திட்டது. இவை பெண்களுக்கே உரிய மரபணுக்கள் என்று மக்கள் எண்ணலாயினர்.

உண்மை யாதெனில், இம்மரபணுக்கள் ஆண், பெண் என்னும் பாலினை முடிவு செய்யும் குரோமோசோம்களில் இல்லை. 13-உம் 17-உம் இருபாலாருக்கும் பொதுவானவை. ஆகவே மாற்றமுற்ற மரபணு தாயிடம் இருந்தாலும் தந்தையிடம் இருந்தாலும், ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. காசைச் சுண்டுவது போன்றதே இது. முதற்குழந்தைக்குச் சென்றது என்பதால் அடுத்த குழந்தைக்குச் செல்லாது என்பதில்லை. ஒவ்வொரு மகப்பேற்றிலும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது.

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். பாட்டியார் தம் 48-ஆம் வயதில் சினைப்பைப் புற்றுநோயால் மறைந்தார். அவருக்கு மூன்று புதல்வர், பெண்மக்கள் இல்லை. மூவரும் நலமுடன் வாழ்கின்றனர். "பாட்டிக்கு வயிற்றில் ஏதோ கட்டி" என்பதற்கு மேல் எவருக்கும் நினைவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்தபின் மூத்த புதல்வரின் மகளுக்கு 36-ஆம் வயதில் மார்பில் கட்டி தோன்றுகிறது. "எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லையே!" என்று அவள் தாய் கலங்குகிறாள். தாய் சொல்வது உண்மையே. அவள் பிறந்த குடும்பத்தில் எவருக்கும் இல்லை. நோயின் வேர் இருந்தது தந்தையின் குடும்பத்தில். ஆடவர் மூவர் மட்டுமே இருந்த தலைமுறையில் அது வெளிப்படாமல் மறைந்திருந்தது. ஆடவர்க்கு நோய் வருவது குறைவு என்பதால், அவர் வழியே மரபணு செல்வதும் குறைவு என்று கொள்வது எத்துணை பெரிய பிழை என்பது இதனால் விளங்கும்.

3. ஐஸ்லாந்து நாடு கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய நாடு ஐஸ்லாந்து. வட அட்லாண்டிக் கடலிலுள்ள இத்தீவின் மக்கள்தொகை இன்றும் நான்கு இலட்சத்துக்குக் குறைவு. சிறிய சமுதாயம், தம் குலவரலாற்றைப் பல நூற்றாண்டுகளாக எழுதிவைத்துப் போற்றிவரும் சமுதாயம். அந்நாட்டில் 1955 முதல் நாடு முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவேடும் பேணப்பட்டு வருகிறது. இன்னாருக்கு இன்ன ஆண்டில் இன்ன உறுப்பில் நோய் கண்டது என்பதையும், அவர் எவர் வழியில் வந்தவர் என்பதையும் ஒருசேர அறிய முடிந்ததால், மரபுவழி ஆய்வுக்கு ஐஸ்லாந்து ஏற்ற களமாயிற்று.

பி.ஆர்.சி.ஏ.–2 மரபணுவில் ஐந்து எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரே வகை மாற்றம் அங்குப் பல குடும்பங்களில் காணப்பட்டது. முன்னாளில் வாழ்ந்த ஒரு மூதாதையிடமிருந்து அது வழிவழியாகப் பரவியதென்று அறிஞர் கருதுகின்றனர். 1997-இல் வெளியான ஆய்வின்படி, பொதுமக்களில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ அறுவரிடம் இம்மாற்றம் இருந்தது. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் இருந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய் கண்ட ஆடவரில் நூற்றுக்கு நாற்பது பேரிடம் இருந்தது! ஆடவர்க்கு இந்நோய் வருவது அரிது. ஆயினும் வந்தபோது, ஐந்தில் இருவர்க்கு இம்மரபணு மாற்றம் இருந்தது என்பது கருதத்தக்கது.

புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயைப் பற்றி 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தருவது. அந்நோய் கண்ட ஐஸ்லாந்து ஆடவருள் இம்மாற்றம் இல்லாதவர்களின் இடைநிலை வாழ்நாள், நோய் கண்டபின் 12.4 ஆண்டுகள். மாற்றம் உள்ளவர்களுக்கோ 2.1 ஆண்டுகள் மட்டுமே. அவர்களுக்கு நோய் இளமையிலேயே தோன்றியது; முற்றிய நிலையிலும் கடுமையான வகையிலும் காணப்பட்டது. மெல்ல வளரும் முதுமை நோய் என்று கருதப்படும் இந்நோய், மரபணு மாற்றம் உள்ளவரிடம் வேறு முகம் காட்டுகிறது. ஆகவே அவர்கள் முன்கூட்டியே சோதனை செய்துகொள்வது இன்றியமையாததாகிறது. 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, இம்மாற்றத்தைத் தாங்கிய ஐஸ்லாந்து மக்களின் வாழ்நாள் பிறரினும் ஏழாண்டு குறைவு என்று காட்டியது.

இனி, அந்நாட்டில் எழுந்த ஓர் அறச்சிக்கலையும் அறிய வேண்டும். 1996-இல் காரி ஸ்டெபான்சன் என்பவர் அங்கு நிறுவிய 'டிகோட்' என்னும் ஆய்வு நிறுவனம், பல்லாயிரவரின் மரபணுக்களை ஆராய்ந்து வைத்திருந்தது. அம்மாற்றம் எவரெவரிடம் உள்ளது என்பதை அதனால் அறிய முடிந்தது. "நோய் வருமுன் எச்சரித்தால் உயிர் காக்கலாமே, அறிந்தும் சொல்லாதிருப்பது முறையா?" என்று காரி ஸ்டெபான்சன் வாதிட்டார். "ஆய்வுக்காகக் குருதி கொடுத்தவர் தம் எதிர்காலத்தை அறிவிக்கும்படி கேட்கவில்லையே, அறியாதிருக்கும் உரிமையும் மனிதனுக்கு உண்டன்றோ?" என்று மறுதரப்பினர் கூறினர். இருபுறமும் நியாயம் இருந்தது.

பல்லாண்டு விவாதத்துக்குப்பின் 2018-இல் ஒரு நடுவழி காணப்பட்டது. எவர்க்கும் வலிந்து சொல்வதில்லை. தாமே கேட்பவர்க்கு மட்டும் சொல்வது என்பதே அது. கணினி வழியாக ஒருவர் கோரினால், அக்குறிப்பிட்ட மாற்றம் தமக்கு உண்டா இல்லையா என்பதை அறியலாம். நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்து கேட்டனர். அவர்களுள் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர்க்கு 'உண்டு' என்னும் விடை கிடைத்தது. கேட்பவர்க்கு மறைக்காமலும், கேளாதவர்க்குத் திணிக்காமலும் உண்மையைப் பகிர்ந்துகொள்ளும் இம்முறை, நாடுகளுக்கேயன்றி இல்லங்களுக்கும் பொருந்துவதாகும்.

4. ஆடவர்க்கு நேரும் இடர் எவ்வளவு?

கீழ்க்காணும் கணக்குகள் பெரும்பாலும் மேலைநாட்டு மக்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தவை. ஆகவே இவற்றைத் துல்லியமான அளவாகக் கொள்ளாமல், வழிகாட்டும் அளவாகக் கொள்க.

மார்பகப் புற்றுநோய்: பொதுவாக ஆடவர் ஆயிரவரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். பி.ஆர்.சி.ஏ.–1 மாற்றம் உள்ளவர்க்கு நூற்றில் ஒருவர் அளவிலும், பி.ஆர்.சி.ஏ.–2 மாற்றம் உள்ளவர்க்கு நூற்றில் ஏழுபேர் வரையிலும் இடர் உயர்கிறது.

புரோஸ்டேட் புற்றுநோய்: மேலைநாடுகளில் 80 வயதுக்குள் நூற்றில் பத்து அல்லது பதினொரு ஆடவர்க்கு இந்நோய் காண்கிறது. பி.ஆர்.சி.ஏ.–2 மாற்றம் உள்ளவர்க்கு இது நூற்றில் 19 முதல் 61 வரை என ஆய்வுகள் வெவ்வேறாகக் கணிக்கின்றன. பி.ஆர்.சி.ஏ.–1 மாற்றத்தினால் வரும் இடர் அதனினும் குறைவு.

கணையப் புற்றுநோய்: பொதுமக்களில் நூற்றில் இருவர்க்கும் குறைவு. பி.ஆர்.சி.ஏ.–2 மாற்றம் உள்ளவர்க்கு நூற்றில் ஐந்து முதல் பத்து வரை.

இவ்விரு மரபணுக்கள் மட்டுமன்றி, வேறு சில மரபணுக்களாலும் புற்றுநோய் வழிவழி வரும். அவற்றுள் குறிப்பிடத்தக்கது 'லிஞ்ச் நோய்த்தொகுதி' என்பது. அமெரிக்க மருத்துவர் ஹென்றி லிஞ்ச் என்பவரின் பெயரால் வழங்கும் இது, எம்.எல்.ஹெச்.–1, எம்.எஸ்.ஹெச்.–2 முதலிய மரபணுக்களின் பழுதால் ஏற்படுகிறது. ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவரிடம் இத்தகைய மாற்றம் இருப்பதாக மதிப்பிடுகின்றனர். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் இளவயதில் பெருங்குடற் புற்றுநோயும், பெண்டிர்க்குக் கருப்பைப் புற்றுநோயும் இதனால் வரக்கூடும். இதுவும் தந்தை வழியிலும் வரும். தாய் வழியிலும் வரும்.

5. மரபு முழு முடிவன்று

இவற்றைப் படிப்போர் உள்ளத்தில் ஒரு சோர்வு தோன்றலாம். "பிறப்போடு வந்ததை எவர் மாற்ற இயலும்? அறிந்து என்ன பயன்?" என்பர் சிலர். இதற்கும் ஐஸ்லாந்து நாட்டிலேயே விடை உண்டு. மேற்கூறிய மாற்றம் உள்ள பெண்களில், 70 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் காணும் அளவு 1920-இல் நூற்றுக்கு 19 பேர் அளவிலும், 2002-இல் நூற்றுக்கு 72 பேர் அளவிலும் இருந்ததாக ஓர் ஆய்வு கணித்தது. மரபணு மாறவில்லை, அதே ஐந்தெழுத்துப் பிழைதான். மாறியது வாழ்க்கை முறையும் சூழலும். ஆகவே மரபணு மட்டும் தனித்து நின்று நோயை முடிவு செய்வதில்லை என்பது தேற்றம்.

மேலும், மாற்றம் இருப்பது வேறு. நோய் இருப்பது வேறு. மாற்றம் உள்ள ஆடவர் பலர் வாழ்நாள் முழுதும் நோயின்றி வாழ்கின்றனர். சோதனை கூறுவது இடரின் அளவையே. இறப்பின் நாளை அன்று. தெருவில் பள்ளம் உண்டு என்று அறிந்தவன் விளக்கோடு நடப்பான்; அத்துணையே.

6. எவர் சோதனையை எண்ண வேண்டும்?

எல்லா ஆடவரும் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டுவதில்லை. கீழ்க்கண்டவற்றுள் ஒன்று பொருந்துமாயின் மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

(அ) தமக்கே மார்பகப் புற்றுநோய் கண்ட ஆடவர்.
(ஆ) புரோஸ்டேட் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் உள்ளவர். கணையப் புற்றுநோய் கண்டவர்.
(இ) நெருங்கிய உறவில் எவருக்கேனும் சினைப்பைப் புற்றுநோய், ஆடவர் மார்பகப் புற்றுநோய், கணையப் புற்றுநோய், அல்லது 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் கண்டவர்.
(ஈ) 50 வயதுக்குள் பெருங்குடற் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ கண்ட உறவினரை உடையவர்; இந்நோய்கள் ஒரே வழியில் பலர்க்கு வந்த குடும்பத்தினர்.
(உ) குடும்பத்தில் ஒருவருக்கு மரபணு மாற்றம் உறுதிசெய்யப்பட்டிருப்பின், அவரோடு குருதித் தொடர்புடைய அனைவரும்.

பரவிய நிலையிலுள்ள புரோஸ்டேட் நோயாளர் 692 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, அவர்களுள் நூற்றுக்குப் பன்னிருவர் அளவில் இத்தகைய பிறவி மாற்றம் இருப்பதைக் காட்டியது. "எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லை" என்று சொன்னோரிடமும் அது காணப்பட்டது.

7. சோதனை முறையும் முடிவுகளும்

சோதனைக்குச் சிறிது குருதியோ உமிழ்நீரோ போதும். ஆனால் சோதனைக்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகர் அல்லது இத்துறை அறிந்த மருத்துவரிடம் அமர்ந்து பேசுதல் இன்றியமையாதது. நம் நாட்டில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை முதலியவற்றில் இத்தகைய ஆலோசனை பெறலாம்.

இயலுமாயின் நோய் கண்டவரையே முதலில் சோதிக்க வேண்டும், நலமுள்ளவரை அன்று. எந்த மாற்றம் என்று அவரிடம் தெரிந்துகொண்டால், பிறரிடம் அதனை மட்டும் தேடினால் போதும். செலவும் குறையும், விடையும் தெளிவாகும்.

முடிவு மூவகைப்படும்.

முதலாவது, நோய் தரும் மாற்றம் 'உண்டு' என்பது. இது நோய் அன்று, விழிப்புக்கான அறிவிப்பு.

இரண்டாவது, 'இல்லை' என்பது. குடும்பத்தில் உறுதியான மாற்றம் தமக்கு வரவில்லையெனில், அம்மாற்றத்தால் வரும் இடர் அவருக்கு இல்லை. அவர் மக்களுக்கும் அவர் வழியே அது செல்லாது. ஆனால் குடும்பத்தில் எம்மாற்றம் என்று தெரியாத நிலையில் 'இல்லை' என வந்தால், அதனை முழு விடுதலையாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது, 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்பது. எழுத்து வேறுபாடு உண்டு; அது தீங்கானதா அன்றா என்பது இன்னும் அறியப்படவில்லை என்பது இதன் கருத்து. மேலைநாட்டினரைக் காட்டிலும் ஆய்வுகள் குறைவாக நடந்துள்ள இந்தியர் முதலிய மக்களிடம் இவ்விடை மிகுதியாக வருகிறது. இதனைக் கொண்டு அஞ்சி எம்மருத்துவமும் செய்துகொள்ளுதல் கூடாது. இத்தகைய மாற்றங்கள் பல பின்னர்த் தீங்கற்றவை என்று தெளிவாகியுள்ளன.

சிறுவர், சிறுமியர்க்கு இச்சோதனை வேண்டா. பெரியவரான பின்னரே வரும் நோயைப் பற்றி, அவர்களே வயது வந்தபின் முடிவு செய்யட்டும்.

8. அறிந்தபின் செய்வன

பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உள்ள ஆடவர் 35 வயது முதல் தம் மார்பைத் தாமே தடவிப் பார்க்கக் கற்றுக்கொண்டு, ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடமும் காட்டுதல் வேண்டும். கட்டி, முலைக்காம்பு உள்வாங்குதல், குருதிக் கசிவு ஆகியவை அறிகுறிகள். நாணத்தால் காலந்தாழ்த்துவதே ஆடவர்க்குப் பெருங்கேடு விளைக்கிறது.

பி.ஆர்.சி.ஏ.–2 மாற்றம் உள்ளவர் 40 வயது முதல் பி.எஸ்.ஏ. என்னும் குருதிச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டு நெறி. பி.ஆர்.சி.ஏ.–1 உடையோரும் இதனை மருத்துவரோடு கலந்து எண்ணலாம். நோய் கண்டவர்க்கும் சோதனையால் பயன் உண்டு. இம்மாற்றம் உள்ள முற்றிய புரோஸ்டேட் நோயாளர்க்கு 'ஓலாபாரிப்' என்னும் மருந்தை அமெரிக்க அரசு 2020-இல் ஏற்றது.

லிஞ்ச் நோய்த்தொகுதியில் எம்.எல்.ஹெச்.–1, எம்.எஸ்.ஹெச்.–2 மாற்றம் உள்ளவர், 20 முதல் 25 வயதில் தொடங்கி ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை கொலோனாஸ்கோபி என்னும் பெருங்குடல் உள்நோக்குச் சோதனை செய்துகொள்வர். நோயாக மாறக்கூடிய சிறு முளைகளை அப்போதே நீக்கிவிடலாம். வருமுன் காத்தல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

9. மறைத்தலால் வரும் தீங்கு

நம் இல்லங்களில் புற்றுநோயைப் பற்றி வாய்திறந்து பேசுவதில்லை. பெண் பார்க்கவும் மாப்பிள்ளை தேடவும் தடையாகும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சம் பொருளற்றது என்று சொல்லிவிட முடியாது. ஊர்ப் பேச்சினால் துன்புற்ற குடும்பங்கள் உண்டு. ஆயினும் எண்ணிப் பாருங்கள். மகளின் திருமணத்துக்காக மறைக்கப்பட்ட செய்தி, அம்மகளின் உயிருக்கே தேவையான செய்தியாக இருக்கலாம்.

ஊரறியப் பறைசாற்ற வேண்டுவதில்லை. உடன்பிறந்தார்க்கும், வயது வந்த மக்கட்கும், சிற்றப்பன் பெரியப்பன் மக்கட்கும், அத்தை மக்கட்கும் அமைதியாகச் சொன்னால் போதும். கேட்க விரும்பாதவரை வற்புறுத்தலும் கூடாது; "குடும்பத்தில் இவ்வாறு ஒரு செய்தி உள்ளது; வேண்டும்போது கேளுங்கள்" என்று சொல்லிவைத்தால் அவர் உரிமையும் காக்கப்படும். கேட்டறிந்தவர் அதனைப் புறத்தே பரப்பாதிருப்பது கடமையாகும்.

உறவுக்குள் மணம் செய்யும் வழக்கமுடைய குடும்பங்கள் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். கணவன், மனைவி இருவரிடமும் பி.ஆர்.சி.ஏ.–2 மாற்றம் இருக்குமாயின், இருவரிடமிருந்தும் பழுதுற்ற படியைப் பெறும் குழந்தைக்கு 'ஃபான்கோனி இரத்தசோகை' என்னும் கடிய நோய் வரக்கூடும். இஃது அரிதே, ஆயினும் மாற்றம் உறுதியான குடும்பத்தில் அத்தை மகள், மாமன் மகன் திருமணம் பேசும்போது கருதத்தக்கது.

பிறந்த மக்கள்மீது தந்தை கழிவிரக்கம் கொள்ளுதலும் வேண்டா. மரபணுவைத் தேர்ந்தெடுத்து எவரும் கொடுப்பதில்லை. கொடுத்ததை அறிந்து சொல்லுதல் மட்டுமே அவர் கையில் உள்ளது. அதனைச் செய்பவர் மகளுக்கு விட்டுச்செல்லும் செல்வங்களுள் அதுவும் ஒன்றாகும்.

10. இல்லத்தில் செய்யத்தக்க பயிற்சி

அடுத்த விடுமுறை நாளில் முதியோரோடு அமர்ந்து ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதுங்கள். தாய்வழியை ஒருபுறமும் தந்தைவழியை மறுபுறமும் ஒத்த கவனத்துடன் எழுதுக. ஒவ்வொருவருக்கும் நோய் கண்ட உறுப்பு, நோய் கண்ட வயது, மறைந்த வயது ஆகியவற்றைக் குறிக்க. 'வயிற்றுக் கட்டி' என்றால் எவ்வுறுப்பில் என்று கேட்க. பழைய மருத்துவத் தாள்கள் இருப்பின் பார்க்க. தாத்தாக்களையும் பெரியப்பன்மாரையும் விட்டுவிடாதீர். நினைவுள்ளவர் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். அவர் மறைந்தபின் எந்தச் சோதனையாலும் அந்நினைவை மீட்க இயலாது.

சிந்தித்து விடை காண்க

1. பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் தந்தையிடமிருந்து மகளுக்குச் செல்லும் வாய்ப்பு எவ்வளவு? ஏன்?
2. ஆடவர் மட்டுமே உள்ள தலைமுறையில் மரபுவழி நோய் மறைந்திருப்பதுபோல் தோன்றுவது எதனால்?
3. 2018-இல் ஐஸ்லாந்து மேற்கொண்ட வழி, அறியும் உரிமை, அறியாதிருக்கும் உரிமை ஆகிய இரண்டையும் எவ்வாறு காத்தது?
4. 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்னும் முடிவைக் கொண்டு செய்யக் கூடாதது யாது?
5. உங்கள் தந்தையைப் பெற்ற பாட்டியும் அவருடன் பிறந்தோரும் எந்நோயால், எவ்வயதில் மறைந்தனர் என்பதை நீங்கள் அறிவீர்களா?

ஐந்தாம் வினாவுக்கு விடை இக்கட்டுரையில் இல்லை. அதனை உங்கள் இல்லத்துப் பெரியோரிடமே கேட்டறிதல் வேண்டும். இன்றே கேளுங்கள்.